மூன்றாம் வண்டியின் பதில்

“மூணாம் நம்பர் போனை என் கையில குடுங்க.”

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள். எதிரே நின்றவன் கையில் சுத்தியல்.

மணி ஆறரை தாண்டியிருந்தது. வெளியே குடோன்களுக்கு நடுவே போகிற ரோடு. இரண்டு பக்கமும் தகரச் சுவர். ஆறு மணிக்கு எல்லா ஷட்டரும் இறங்கிவிடும். அப்புறம் அந்த ரோட்டில் மனிதக் குரல் கேட்காது… பகல் முழுக்க வெயில் குடித்த தகரம் சூடு ஆறுகிற சத்தம் மட்டும். டிக்… டிக்… என்று.

இருங்கள். சுத்தியலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எல்லோரும் அவரவர் போனைக் கவிழ்த்து வையுங்கள். சத்தத்தையும் நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

இது என்னோடு அறையில் இருந்தவளின் ஒன்றுவிட்ட அக்காவுக்கு நடந்தது. பேர் எதற்கு… அங்கே எல்லோரும் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு அல்ல, குத்திக் காட்ட. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாருமில்லை. அப்பா மூட்டை தூக்குகிறவர். பட்டம் வாங்கி வந்த அன்று அந்தக் காகிதத்தை அவர் தொடவில்லை. கை அழுக்கு என்று சொல்லி, எட்ட நின்று பார்த்தார். அந்தக் காகிதத்தைத்தான் வேலை கொடுத்தவர்கள் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒரிஜினல் எங்களிடமே இருக்கட்டும், வேலையை விட்டுப் போகும்போது தருகிறோம் என்று. என்ன நியாயம் இது என்று கேட்க வாய் எடுத்திருக்கிறாள். அம்மாவின் முகம் ஞாபகம் வந்திருக்கிறது. எதையும் கேட்டுத் தொலைக்காதே, கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அம்மா காலில் விழாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். விழுங்கிக்கொண்டாள்.

அது பார்சல் கம்பெனி. ஒன்பது வேன். ஒவ்வொரு வேனிலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கம்பெனி போன் ஒன்று மாட்டியிருக்கும். எல்லா போனும் மாடியறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரோடு இணைந்தவை. நாற்காலியை விட்டு எழாமலே எந்தப் போனுக்குள்ளும் போகலாம். மெசேஜ் அனுப்பலாம், வந்ததைப் படிக்கலாம். உள்ளே இருப்பதை அழிப்பதற்கும், வேறு நம்பருக்கு மொத்தமாக அனுப்புவதற்கும் மட்டும் ஒரு தடை உண்டு. அந்தப் போனின் திரையில் ஒரு கேள்வி போய் நிற்கும். போனைக் கையில் வைத்திருப்பவர் விரலால் தொட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிகிரியின் வேலை சுலபம். அரை மணிக்கு ஒரு தடவை எல்லா வண்டிக்கும் ஒரே மெசேஜ். ‘எங்க இருக்கீங்க? ரெண்டு நிமிஷத்துல பதில் வரணும்.’ முதலில் பதில் போடுகிற வண்டி திரையில் எல்லோருக்கும் மேலே ஏறும், பச்சையாக. தாமதித்தால் அடியில் விழும், சிவப்பாக. சிவப்பு விழுந்தால் கூலியில் கை வைப்பார்கள்.

ஓட்டிக்கொண்டே எப்படிப் பதில் போடுவது என்று அவள் கேட்டதற்கு, எல்லோரும் போடுகிறார்கள், உனக்கென்ன வந்தது என்றான் மச்சான். முதலாளியை அங்கே யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவியின் தம்பிதான் எல்லாம். முதலாளிக்கு மச்சான், அதனால் கம்பெனிக்கே மச்சான். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சார்.

திரையில் மூன்றாம் வண்டியின் வரிசை மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. “மூணாம் நம்பர் செத்துப் போச்சு. அதைத் தொடாத. அந்த போன் எங்கன்னும் கேக்காத,” என்றான் மச்சான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேசையின் இழுப்பறையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண்ணுடையது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எழுந்து போனவள்… திரும்பவே இல்லையாம். பாக்ஸைத் திறக்க யாருக்கும் மனசு வரவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை.

சனிக்கிழமை தவறாமல் ஒரு பெண் வருவாள். மூன்றாம் வண்டிக்காரரின் மனைவி. மாடிப்படிக்குக் கீழே, பார்சல் கட்டுகிற இடத்தில், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர் போனைக் கொடுங்கள் என்பாள். விபத்தில் நொறுங்கிவிட்டது, குப்பையோடு போய்விட்டது என்பான் மச்சான். இந்த ஒரு பேச்சுக்காகவே ஒவ்வொரு வாரமும் வந்து போனாள்.

மச்சான் வேறு ஒன்றையும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். எவளோடோ போனில் கொஞ்சிக்கொண்டே ஓட்டினான், பாலத்துச் சுவரில் கொண்டுபோய் விட்டான் என்று. பேச்சுக்குக் கால் முளைத்து அவள் வீடு வரை போய்விட்டது. யார் அவள் என்று நாத்தனார் தினமும் கேட்கிறாளாம். மாமியார் கேட்பதுகூட இல்லையாம், தலையைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

ஒருநாள் டிகிரி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“நஷ்டஈடுகூட வேணாம்மா. அவரு கடைசியா யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தார்னு மட்டும் தெரியணும். அது தெரியாம எனக்கு அழக்கூட வரல.”

அதற்கு அடுத்த வாரம்… ஒரு சாயங்காலம். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. டிகிரி வழக்கம்போல எல்லா வண்டிக்கும் மெசேஜைத் தட்டிவிட்டாள். விரல் இன்னும் பொத்தானை விட்டு எழவில்லை.

டிங்.

சாம்பல் வரிசை பச்சையாயிற்று. எழும்பி எல்லோருக்கும் மேலே போய் நின்றது. மூன்றாம் வண்டி. ‘பாலத்துக்கிட்ட’ என்று ஒரே வார்த்தை.

அதே நொடி பக்கத்து அறையில், மச்சானின் பூட்டிய பீரோவுக்குள், இரும்புத் தட்டில் எதுவோ அதிர்ந்தது. ட்ர்ர்ர்… நின்றது. பிறகு ஒரு வாசம். தலைவலித் தைலம். யாரோ இப்போதுதான் மூடியைத் திறந்தது போல.

டிரைவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். புதுசாக வந்தவள், டிகிரி வேறு, சீண்டிப் பார்க்கிறார்கள் என்று. கோபமாகப் படியிறங்கி டேப் அக்காவிடம் போனாள். கீழே பார்சல்களுக்கு டேப் ஒட்டுகிறவள். அந்தக் கம்பெனியில் டிகிரியைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள்.

“மூணா? மூணுல யாருடி இருக்கா? ஆமை போயி நாலு மாசம் ஆச்சு,” என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். மூன்றாம் வண்டிக்காரருக்கு ஆமை என்று பேர் வைத்ததே மச்சான்தான். வண்டி உருளும்போது அந்த மனிதர் போனைத் தொடமாட்டாராம்.

“ஓரங்கட்டுவாரு. இண்டிகேட்டர் போடுவாரு. கண்ணாடிய எடுத்து மாட்டுவாரு. ஒத்த விரலால குத்திக் குத்திப் பதில் போடுவாரு. அதுக்குள்ள மத்தவன் எல்லாம் அடுத்த தெருவுக்கே போயிருப்பான். தெனம் செவப்புதான் அவருக்கு.”

வெயிலில் அலைந்து தலைவலி. நெற்றிப்பொட்டில் எப்போதும் தைலம். வண்டிக்குள் ஏறினாலே அந்த வாசம்தான் அடிக்குமாம்.

கடைசி நாள் மச்சான் மாடியில் இருந்த பெண்ணை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு இந்த ஆமையை ஓட வைக்கிறேன் பார் என்று, ஒன்றன்மேல் ஒன்றாக மெசேஜ். டங்கு டங்கென்று விசைப்பலகையைக் குத்துகிற சத்தம் கீழே வரை கேட்டதாம். அப்புறம் ஒரு கைதட்டல். பார்த்தீர்களா, மூணு ஃபர்ஸ்ட், ஆமை ஓடுது என்று மச்சான் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கவில்லை… டெலிபோன் அடித்துவிட்டது.

“வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் ஃபர்ஸ்ட் வந்தாரு மனுஷன்,” என்றாள் அக்கா. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

முதல் டிங் கேட்ட அன்றிலிருந்து அது நிற்கவில்லை. டிகிரி அனுப்புவாள். டிங். மூன்றாம் வண்டி, பச்சை, எல்லோருக்கும் மேலே. ‘பாலத்துக்கிட்ட’. பீரோவில் ட்ர்ர்ர். தைல வாசம். சற்று நேரத்தில் சாம்பல். மறுபடி அனுப்புவாள். மறுபடி டிங். எப்போதும் கடைசியில் வந்தவர், இப்போது ஒருதடவைகூடப் பிந்தவில்லை. விஷயம் கசிந்து டிரைவர்களுக்கும் போயிற்று. அஞ்சாம் வண்டிக்காரர் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். செத்தவனே முந்திக்கொண்டால் உயிரோடு இருக்கிறவன் எங்கே போய்ச் சம்பாதிப்பது என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருமே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மச்சான் தன் அறைக்குப் போவதை விட்டுவிட்டான். சொல்ல வேண்டியதைப் படியில் நின்றபடி சொல்லிவிட்டு இறங்கிவிடுவான்.

இப்படி இருக்கும்போது மூன்றாம் வண்டிக்காரரின் மனைவி எங்கேயோ மனு எழுதிப் போட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் ஆபீசர் ஒருவர் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. மச்சான் வண்டிகளை எல்லாம் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினான். மேலே வந்தான். வேர்த்திருந்தது.

“மூணாம் நம்பரை அடியோட அழிச்சிரு.”

“நீங்களே அழிங்க சார்.”

“நீதானே டிகிரி. அமுக்கு.”

அழிக்க அவளுக்கு எண்ணமே இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டாள். போனில் ஒரு விரல் தொட்டால்தானே அழியும்? பூட்டிய பீரோவுக்குள் எந்த விரல் போகும்? ‘பதில் வரவில்லை’ என்று திரை தானாகச் சொல்லிவிடும், இவனும் ஓய்ந்து போவான்… அமுக்கினாள்.

‘அழிக்க, கைபேசியில் சம்மதம் தர வேண்டும்.’ வட்டம் சுற்றியது.

பக்கத்து அறையில் ட்ர்ர்ர்…

பிறகு, டக். நகம் கண்ணாடியில் பட்டால் கேட்குமே, அந்தச் சத்தம்.

திரையில் எழுத்து மாறியது. ‘கைபேசியில் மறுக்கப்பட்டது.’

பதில் வரவில்லை என்பது வேறு. மறுப்பது வேறு. மறுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு தடவை அமுக்கு என்றான் மச்சான். அமுக்கினாள். டக். மறுக்கப்பட்டது. மூன்றாவது தடவை வட்டம் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே டக்கென்றது. மச்சான் பின்பக்கமாகவே நடந்து கதவு வரை போனான். படியில் தடதடவென்று இறங்கினான். கீழே கருவிப் பெட்டியைக் கவிழ்த்துத் துழாவுகிற சத்தம் கேட்டது.

டிகிரிக்கு இழுப்பறையில் இருந்த டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் இதே வேலையைத்தான் சொல்லியிருப்பார்கள். இதே டக்கைத்தான் அவளும் கேட்டிருப்பாள். அவள் எழுந்து ஓடிவிட்டாள். இவளுக்கும் கால் ஓடத்தான் சொன்னது. ஆனால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கைகள்…

அதுவரை தொடாத மூன்றாம் வரிசையைத் தொட்டாள். திறந்துகொண்டது.

கடைசி நாளின் மெசேஜ்கள். எல்லாம் இதே நாற்காலியில் இருந்து போனவை. எங்க இருக்க. காது கேக்கலையா. ஓரங்கட்டுன, கால ஒடிச்சிருவேன், ஓட்டிக்கிட்டே போடு. எல்லாரும் போடுறான் உனக்கு மட்டும் என்ன கொள்ளை. இப்ப பதில் வரலைன்னா நாளைக்கு வேற ஆளு ஓட்டுவான், உம் பொண்டாட்டி பிச்சை எடுப்பா. அதற்குக் கீழே, அவர் போட்டது. ‘பாலத்துக்கிட்ட’. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

கொஞ்சல். இதுதான் அந்தக் கொஞ்சல்.

அவர் சேமித்து வைத்திருந்த நம்பர்களில் ஒன்றின் பேர் ‘வீடு’. டிகிரி எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக்கு அனுப்பு என்று தட்டினாள். ‘கைபேசியில் சம்மதம் தர வேண்டும்.’ வட்டம் சுற்றியது.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

அவள் சுவரைப் பார்த்து, மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அண்ணே… வீட்டுல அக்காவுக்கு அனுப்பட்டுமா?”

தகரம் டிக்கென்றது… டிக்… தைல வாசம் இந்தத் தடவை பீரோ பக்கத்திலிருந்து வரவில்லை. அவள் பிடரிக்குப் பின்னால் இருந்தது. குனிந்து திரையைப் பார்க்கிறவரின் மூச்சைப் போல.

டக்.

‘சம்மதம்.’

மச்சான் உள்ளே வந்தான். கையில் சுத்தியல். நேராகப் பக்கத்து அறைப் பீரோவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான். அப்போதுதான் அவள் எழுந்து, அவன் முன்னால் போய் நின்று, கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

மூணாம் நம்பர் போனைக் கையில் கொடு என்று.

மச்சான் சிரிக்கப் பார்த்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்ததை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். கண்ணாடி பொடிப்பொடியாக விரிந்திருந்தது. சார்ஜ் போடுகிற இடம் நசுங்கி உள்ளே போயிருந்தது. சிம்மைத் தானே கழற்றிச் சாக்கடையில் போட்டதாகச் சொன்னான்.

“பாத்துக்க. கல்லு. இதுவா பேசும்?”

“அப்ப எதுக்கு சார் சுத்தியல்?”

சுத்தியலைக் கீழே வைத்தான். பீரோவின் மேல்தட்டுக்குக் கை போயிற்று. பழுப்பு உறை ஒன்றை உருவினான். அவளுடைய பட்டம். ஒரு கையில் போன், ஒரு கையில் உறை. எது வேண்டும், ஒன்றுதான் என்றான். போனை வைத்துவிட்டால் இதை இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். போனை எடுத்தால் இதை இங்கேயே கிழித்து…

“உங்கப்பன் முதுகு ஒடிய மூட்டை தூக்கி வாங்கினது. நல்லா யோசிச்சுக்க.”

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதைச் சுவரைப் பார்த்துக் கேட்டபோதே யோசித்து முடித்திருந்தாள். எட்ட நின்று பார்த்த அப்பாவின் முகம் மட்டும் ஒரு தடவை வந்து போயிற்று. கையை நீட்டிப் போனை எடுத்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது… இவ்வளவு நேரம் ஒருவர் உள்ளங்கையில் இருந்தது போல.

“அதுல என் பேருதான் இருக்கு. உங்களுக்கு உதவாது. கிழிக்கிறதுன்னா கிழிச்சுக்கங்க.”

வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“ஆமையண்ணன் யார்கூடக் கொஞ்சிக்கிட்டு இருந்தார்னு அக்காவுக்குத் தெரிஞ்சிரும் சார். உங்க கூடத்தான்னு. எல்லா மெசேஜும் வீட்டுக்குப் போயிருச்சு.”

மச்சான் திரைக்குத் தாவியதை அவள் நின்று பார்க்கவில்லை. படியிறங்கினாள். டேப் அக்கா ஷட்டரைத் தூக்கிப் பிடித்து வழி விட்டாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் டிகிரிக்குத் தன் டிபன் பாக்ஸை மேசையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. இனி அந்த இழுப்பறையில் இரண்டு இருக்கும்.

இருட்டிவிட்டது. தகரச் சுவர்களுக்கு நடுவே அவள் செருப்புச் சத்தம் மட்டும். ஆமையண்ணன் வீட்டுக்கு நடந்து போகிறவர்களுக்குக் குறுக்குச் சந்து உண்டு. காரில் போகிறவர்கள் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

பின்னால் மச்சானின் கார் உறுமியது. அவளுக்கு முன்னால் அந்த வீட்டைப் பிடித்துவிட வேண்டும் அவனுக்கு. அவர் மனைவியின் கையில் இருக்கும் போனைப் பிடுங்கிவிட வேண்டும். வெளிச்சம் அவள் நிழலை நீட்டி ரோட்டில் போட்டது, கார் உரசுகிற மாதிரி தாண்டியது. அந்த ஒரு கணத்தில் திறந்த ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது.

டிங்.

அதே நேரம் அவள் பைக்குள் ட்ர்ர்ர்…

காருக்குள் இருந்தவனின் முகம் கீழிருந்து வெளிச்சமாயிற்று. ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொரு கையில் போன். சிவப்பு விளக்குகள் வளைவில் திரும்பிப் போயின, பாலத்துப் பக்கம்.

டிங் என்று தூரத்தில் இன்னொன்று. பையில் ட்ர்ர்ர். அதற்கும் அப்பால் ஒன்று. ட்ர்ர்ர். ஒன்றன்மேல் ஒன்றாக.

கத்தியிருக்கலாம். படிக்காதே, ஓரங்கட்டு என்று. அவள் சந்துக்குள் திரும்பினாள். நடந்தபடியே பையைத் திறந்து போனை எடுத்தாள். சிம் இல்லாத, நசுங்கிய அந்தப் போனில் வெளிச்சம் இருந்தது. பொடியான கண்ணாடிக்கு அடியில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. மாடியறை நாற்காலியில் இப்போது யாரும் இல்லை. மூன்றாம் நம்பரில் இருந்து போயிருந்தது.

‘எங்க இருக்கீங்க? ரெண்டு நிமிஷத்துல பதில் வரணும்.’

திரும்பத் திரும்ப அதே. திரை முழுக்க அதே.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. மச்சானின் நம்பர். பச்சையாக.

‘பாலத்துக்கிட்ட’

போனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டாள். நடையை நிறுத்தவில்லை.